என் பிள்ளை தூங்காத மெத்தை

தென்காசியில் நான் மெத்தைக்கடை வைத்திருக்கிறேன். இலவம்பஞ்சு மெத்தை, தலையணை, பாய், போர்வை, கொசுவலை எல்லாம் உண்டு. ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கியதும் ஐந்தருவிப் பக்கம் ஒரு தற்காலிகக் கடையும் போடுவேன். அங்கே துண்டும் மங்கி குல்லாவும்தான் ஓடும். குளிர்ச்சியைத் தேடி மதுரையிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் வண்டி பிடித்து வருகிறவர்கள், இறங்கியதும் முதல் காரியமாகக் கைப்பிள்ளையின் தலையில் குல்லாவை மாட்டி, கழுத்துவரை கம்பளியைச் சுற்றி, பார்சல் மாதிரி ஆக்கிவிட்டுத்தான் அருவியைத் திரும்பிப் பார்ப்பார்கள். குளிர் பெரியவர்களுக்கு இன்பம், பிள்ளைக்கு விஷம் என்பது நம் ஜனங்களின் தீர்மானம். அந்தத் தீர்மானத்தில்தான் என் வீட்டு அடுப்பு எரிகிறது என்பதால் நான் அதை எதிர்த்துப் பேசினதில்லை.

ஊர்க்கடையில் எனக்குச் சோறு போடுவது பிள்ளை மெத்தை செட். அழுத்தினால் கை உள்ளே போகிற அளவுக்கு மெதுமெதுவென்று ஒரு குட்டி மெத்தை, தலை உருண்டையாக வருவதற்குக் கடுகு அடைத்த ஒரு தலையணை, இரண்டு பக்கமும் அணைகொடுக்க உருளைத் திண்டு இரண்டு, மேலே குடை மாதிரி விரிகிற கொசுவலை. எல்லாம் ஒரே நிறத்தில், யானையும் வாத்தும் அச்சடித்த துணியில், ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும். ராஜாக்கள் காலத்தில்கூடப் பிள்ளைகள் இப்படிப் படுத்திருக்கமாட்டார்கள். வாங்க வருகிறவர்கள் தயங்கினால் நான் ஒரே ஒரு வார்த்தை சொல்லுவேன்.

"எம் பிள்ளையே இதுலதான் தூங்குது."

அதற்குமேல் பேச்சே கிடையாது, பில் போட்டுவிடலாம். எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பிருந்தே இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு எனக்கு நிஜமாகவே ஒரு பெண்பிள்ளை பிறந்தது. பங்குனி கடைசியில், நல்ல வெயிலில். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கிளம்புகிற அன்று நர்சம்மா ஒருவர் என்னையும் என் மனைவியையும் நிறுத்திவைத்துச் சொன்னார்.

"பிள்ளையத் தூங்கப் போடும்போது மல்லாக்கப் போடுங்க. படுக்கை கெட்டியா, சமமா இருக்கணும். மெத்துமெத்துன்னு இருந்தா மூக்கு அமுங்கிரும், அதுக்குத் திரும்பத் தெரியாது. தலையணை வேண்டாம். திண்டு வேண்டாம். கனத்த போர்வை வேண்டாம். பக்கத்துல பொம்மை கிம்மை ஒண்ணும் வேண்டாம். ஒங்க ரூம்லயே போடுங்க, ஆனா தனியா போடுங்க."

ஒவ்வொரு 'வேண்டாம்'மும் என் கடைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒரு சரக்கை எடுத்து வெளியே வீசுகிற மாதிரி இருந்தது. என் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"அண்ணாச்சி என்ன தொழில் பண்ணுதிய?" என்றார்.

"ஜவுளி" என்றேன்.

என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவள் யார் என்ன சொன்னாலும் தலையை ஆட்டிவிட்டுத் தன் போக்கில் போகிறவள். ஆனால் அன்றைக்கு நர்சம்மா சொன்னதைக் கேட்டு அவள் தலையை ஆட்டவே இல்லை, இரண்டு கேள்வி திருப்பிக் கேட்டாள். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது, வீட்டில் இனி நர்சம்மா ஆட்சிதான் என்று.

அப்படியே ஆனது. எங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் ஒரு பாய், அதன்மேல் சுருக்கம் இல்லாமல் இழுத்து விரித்த ஜமுக்காளம், அதன்மேல் ஒரு பருத்தித் துணி. அவ்வளவுதான். தொட்டிலில் போட்டு ஆட்டினாலும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். பிள்ளை கண்ணயர்ந்ததும் எடுத்துவந்து அந்தப் பாயில் மல்லாக்கக் கிடத்திவிடுவாள். பிள்ளையும் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிப் போட்டுக்கொண்டு, ஒரு குறையும் சொல்லாமல் தூங்கியது. காலையில் எழுந்து அதைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போய், பத்தரை மணிக்கு வருகிற முதல் ஆளிடம் நான் சொல்வது: "எம் பிள்ளையே இதுலதான் தூங்குது." ஊருக்குத்தான் உபதேசம் என்பார்கள். நான் உபதேசமும் செய்து உறையும் போட்டுக் கொடுத்தேன்.

இதை முதலில் தாங்கமுடியாமல் போனது என் அக்காவுக்கு. அடுத்த தெருவில் இருக்கிறாள். பிள்ளைக்கு அத்தை என்ற முறையில் வீட்டுக்குள் எந்த நேரமும் நுழையவும் எதையும் குறை சொல்லவும் உரிமை பெற்றவள்.

"ஏலே, மெத்தைக்கடைக்காரன் பிள்ளை தரையில கெடக்குன்னு நாலு பேரு சிரிக்க மாட்டாவளா? தலை சப்பையாப் போச்சுன்னா நாளைக்கு எவன் கட்டுவான்?"

இரண்டு மாதப் பிள்ளையின் கல்யாணம் வரை கவலைப்பட்ட அக்கா, என் கடைக்கே வந்து ஒரு கடுகுத் தலையணையை எடுத்துக்கொண்டுபோய் என் மனைவி கையில் கொடுத்தாள். என் மனைவி சிரித்தபடி வாங்கிக்கொண்டாள். அப்போது காற்று பலமாக அடிக்கத் தொடங்கியிருந்தது. மறுநாள் பார்த்தால் அந்தத் தலையணை ஜன்னல் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்து வைக்கப்பட்டிருந்தது.

அடுத்த ஆள் என் மனைவியின் அண்ணன். துபாயில் இருக்கிறார். தாய்மாமன் சீர் செய்யாமல் விட்டுவிட்டான் என்ற பேச்சு வந்துவிடக்கூடாது என்று கடல் தாண்டியும் பயந்துகொண்டிருந்த மனிதர். என் கடையில் இருக்கிற செட்டுகளையெல்லாம் வீடியோ காலில் ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டச் சொல்லி, உள்ளதிலேயே உயரமான மெத்தையாகப் பார்த்து, "மாப்ளை, இத எடுத்துருங்க, எம் மருமவளுக்கு எஞ்சீரு" என்று சொல்லிவிட்டார். ஆக, என் பிள்ளைக்கு என் கடை மெத்தையை என் மச்சானிடமே நான் விற்றேன். அதோடு, லீவில் வந்த ஒரு கூட்டாளி கையில் புலி படம் போட்ட கம்பளி ஒன்றும் கொடுத்துவிட்டார். அதைத் தூக்கி உதற இரண்டு ஆள் வேண்டும். பாலைவனத்தில் வேகிறவர்கள்தான் இந்த மாதிரிக் கம்பளியை வாங்கி ஊருக்கு அனுப்புகிறார்கள். அந்த வெயிலில் இதைத் தொட்டுப் பார்த்து வாங்குவதற்கு எவ்வளவு பாசம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

எங்கள் பக்கத்தில் சீர் வந்து சேர்ந்தால் மட்டும் போதாது. பிள்ளை அதன்மேல் கிடக்க வேண்டும், அதை நாலு பேர் பார்க்க வேண்டும், பார்த்தவர்கள் "மாமன் சீரா?" என்று கேட்க வேண்டும். அப்போதுதான் சீர் முடிந்ததாகக் கணக்கு. என் மனைவி அந்தச் செட்டைப் பிரிக்கவே இல்லை. "ஒரு வயசு கழியட்டும் அண்ணே" என்று அவரிடம் போனில் நயமாகத்தான் சொன்னாள். அவர் அவளிடம் ஒன்றும் சொல்லாமல் எனக்குக் கூப்பிட்டார்.

"என்ன மாப்ளை, எஞ்சீரு ஒங்க வீட்டுக்கு ஆகலையோ?"

அந்தக் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. அதைக் கேட்டபோது எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது.

ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதினோரு மணி இருக்கும். நல்ல சாரல். ஊர்க்கடைக்கு அன்றைக்கு லீவு, ஐந்தருவிக் கடையை வேலைக்காரப் பையன் பார்த்துக்கொண்டான். என் மனைவி தலைக்குக் குளிக்கப் போனாள். போகும்போது, "பிள்ள பால் குடிச்சிருக்கு, தூங்கிரும். பாத்துக்கோங்க" என்றாள். அவள் குளியலறைக் கதவைச் சாத்தவும் அக்கா வாசலில் செருப்பைக் கழற்றவும் சரியாக இருந்தது. அக்காவுக்கு விஷயம் முன்பே தெரியும், துபாய்க்காரர் அவளிடமும் புலம்பியிருந்தார்.

"அவ குளிச்சிட்டு வாரதுக்குள்ள ஒரு வீடியோ போட்டுக் காட்டிருவோம்லே. பாவம், அந்த மாமங்காரன் எம்புட்டு ஆசையா அனுப்பிருக்கான்."

அத்தைக்கு மாமன்மேல் எப்போதிலிருந்து இவ்வளவு இரக்கம் என்று யோசித்தேன். செட்டைப் பிரித்ததும் காரணம் தெரிந்தது. உள்ளே இருந்த தலையணையை ஓரமாக வைத்துவிட்டு, ஜன்னலில் முட்டுக்கொடுத்திருந்த தன் தலையணையை எடுத்துத் தட்டி மெத்தைமேல் வைத்தாள்.

இரண்டு பேருமாகச் சேர்ந்து ஜோடித்தோம். மெத்தை, அக்காவின் தலையணை, இரு பக்கமும் திண்டு, நடுவில் பிள்ளை, மேலே புலி. எனக்குக் கடை அலங்கரித்துப் பழக்கம் என்பதால் நன்றாகவே வந்தது. மச்சானை வீடியோ காலில் கூப்பிட்டேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். அறையில் கூட இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு சொன்னார்:

"மாப்ளை, புலி மூஞ்சி தெரியலையே. இன்னுங் கொஞ்சம் மேல இழுத்து விடுங்க."

இழுத்துவிட்டேன். பிள்ளையின் நெஞ்சுவரை இருந்த கம்பளியை, புலியின் முகம் தெரிய வேண்டும் என்பதற்காக, தாடைவரை என் கையாலேயே இழுத்துவிட்டேன். பிள்ளைக்குக் கண் சொருகியது. "தூங்கட்டும், கலைக்காதிய" என்றார் மச்சான். மேலே கொசுவலையைக் கவிழ்த்தோம். சாரல் நாளில் எங்கள் வீட்டுக்குள் சிக்னல் நிற்காது, அவர் குரல் வெட்டி வெட்டி வந்தது. பேசிக்கொண்டே மாடிப்படி ஏறிப்போய் மேலே ஒதுங்கி நின்றேன். அக்கா காப்பி போட அடுப்படிக்குப் போனாள். அருவியில் தண்ணீர் எப்படி, சீசன் எப்படி, இந்தத் தடவை ஊருக்கு வரமுடியுமா என்று பேசிக்கொண்டிருந்தோம். பத்து நிமிஷம் இருக்கும்.

கீழேயிருந்து என் மனைவி "ஏங்க!" என்று கத்தினாள். அப்படி ஒரு குரலை அவளிடம் அதற்குமுன் நான் கேட்டதில்லை. போனை எங்கே போட்டேன், எப்படி இறங்கினேன் என்று தெரியாது. கொசுவலை சுவரோரம் கிடந்தது. கம்பளி தரையில் கிடந்தது. ஈரத்தலை சொட்டச் சொட்ட அவள் பிள்ளையைத் தோளில் போட்டு முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளையின் முகம் கன்றிச் சிவந்திருந்தது. முடியெல்லாம் வேர்வையில் ஒட்டியிருந்தது. தலை அவள் தோளில் துவண்டு கிடந்தது. சத்தமே இல்லை.

அந்த நேரத்தை நான் எப்படிச் சொல்வது? எவ்வளவு நேரம் என்றும் எனக்குத் தெரியாது. கும்பிடாத சாமி இல்லை. என் உயிரை எடுத்துக்கொள், இதைக் கொடு என்று வாய்விட்டே சொன்னேன் என்று அக்கா பிறகு சொன்னாள். அப்புறம் பிள்ளை ஒரு இழுப்பு இழுத்தது. அழுதது. வீடு அதிர அழுதது.

காலை உதைத்து உதைத்துக் கீழே சறுக்கியிருக்கிறது. தலை தலையணையிலிருந்து நழுவி, மெத்தைப் பள்ளத்துக்குள் சாய்ந்து, மூக்கு திண்டோடு ஒட்டியிருக்கிறது. மேலே கம்பளி முகத்தை மூடியிருந்ததாம். மூன்று மாதப் பிள்ளைக்கு அதை விலக்கத் தெரியாது. முடியைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்த என் மனைவி, பிள்ளை பாயில் இல்லையே என்று பார்த்ததால் தப்பித்தது.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார், சாயங்காலம்வரை வைத்திருந்தார். ஒன்றும் ஆகவில்லை, பயப்படவேண்டாம் என்றார். என்ன நடந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, "ஒங்களச் சொல்லிக் குத்தமில்ல. இதையெல்லாம் பிள்ளைக்கு நல்லதுன்னு சொல்லி விக்கானுவ பாருங்க, அவனுவளச் சொல்லணும்" என்றார். அக்கா என்னைப் பார்த்தாள். என் மனைவி சுவரைப் பார்த்தாள். நான் காலண்டரில் அன்றைக்கு என்ன திதி என்று படித்தேன்.

அக்காவையும் மச்சானையும் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னையும் திட்டவில்லை, திட்டியிருக்கலாம், எனக்கு வசதியாக இருந்திருக்கும். வீட்டுக்கு வந்து பிள்ளையைப் பழைய பாயில் கிடத்திவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இத இன்னும் எத்தன வீட்டுக்குக் குடுத்திருக்கிய?"

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பது சரிதான். அதற்குமுன் அந்தக் கேள்வி என் மண்டையில் ஒருநாளும் உதித்ததில்லை. வாங்கினவர்கள் யார், எந்த ஊர் என்று எனக்கு எப்படித் தெரியும்? போனில் நம்பர் இருந்தவர்களுக்கு மட்டும் மறுநாள் காலையிலிருந்து கூப்பிட்டேன். ராயகிரிக்காரர் ஒருவர் நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "புது மாடல் வந்திருக்கோ அண்ணாச்சி?" என்றார். இன்னொருவர், "எம் பய பத்தாங்கிளாஸ் படிக்கான், அவன் இப்பம் அதத் தலைக்கு வச்சிட்டு செல்லு பாக்கான்" என்றார். நல்லது என்று வைத்துவிட்டேன்.

ஒரே ஒரு நம்பர்தான் எத்தனை தடவை அடித்தும் எடுக்கவில்லை. பண்பொழிக்காரி ஒரு பெண். நாலு நாள் முன்னால்தான், தலைப்பிள்ளை பிறந்து ஒரு மாதம் என்று சொல்லிக்கொண்டு தன் அம்மாவோடு வந்திருந்தாள். கையில் அழுத்திப் பார்த்து, "இம்புட்டு மெதுவா இருக்கே, பிள்ளைக்கு ஆவுமா?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்து, கடைக்கு வந்தவர்களில் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டவள் அவள் ஒருத்திதான். நான் வழக்கமான வார்த்தையைச் சொன்னேன். "நெசமாவா?" என்றாள். "சத்தியமா" என்றேன். கொசுவலை ஜிப் சரியாக ஓடவில்லை, வேறு வந்ததும் சொல்கிறேன் என்று நம்பரும் வீட்டு அடையாளமும் எழுதி வாங்கியிருந்தேன். அந்த நம்பர் லாரியில் கேரளாவுக்குப் போயிருக்கிற அவள் புருஷனுடையது.

மத்தியானம் வேறொரு கொசுவலையை எடுத்துக்கொண்டு பைக்கில் கிளம்பினேன். செங்கோட்டை தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. வழியெல்லாம் நான் நினைத்துக்கொண்டு போனதை எழுதமாட்டேன். தெருமுனையில் திரும்பும்போது அந்த வீட்டு வாசலில் கூட்டம் எதுவும் இருக்கிறதா என்றுதான் என் கண் தேடியது.

கூட்டம் இல்லை. அந்தப் பெண்தான் கதவைத் திறந்தாள். "வாங்க அண்ணாச்சி, ஜிப்புக்காவா இம்புட்டுத் தூரம் மழையில வந்திய? பொறவு குடுத்திருக்கலாம்லா" என்றாள்.

"பிள்ள எங்கம்மா?" என்றேன்.

உள்ளே கையைக் காட்டினாள். தரையில் ஒரு பாய். நாலாக மடித்த ஒரு பழைய வேட்டி. அதன்மேல் பிள்ளை மல்லாக்கக் கிடந்து, காற்றாடியைப் பார்த்துக் காலை உதைத்துக்கொண்டிருந்தது. நான் கொடுத்த செட்டைத் தேடினேன். பீரோ உச்சியில், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல், அதற்குமேல் தூசி படாமல் இன்னொரு துணியும் போர்த்தி இருந்தது.

"நல்ல சாமான்லா அண்ணாச்சி, அழுக்காயிரும்னு எடுத்து வச்சிருக்கோம். புதன்கிழம பிள்ளைக்குப் பேருவிட எல்லாரும் வாராவ. அன்னைக்கு விரிச்சுப் போடணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல பாத்திரத்தைப் பரணிலும் நல்ல சேலையைப் பீரோவிலும் வைத்துவிட்டுச் செத்துப்போகிற நம் ஜனங்களை எத்தனை கேலி பேசியிருப்பேன். சிரிக்கத் தொடங்கியவனுக்கு அடக்கமுடியாமல் அழுகை வந்துவிட்டது. அந்தப் பெண் பயந்துபோய் அடுப்படியிலிருந்த தன் அம்மாவைக் கூப்பிட்டாள்.

"அத விரிக்காதியம்மா" என்றேன். "புதன்கிழமையும் வேண்டாம், எப்பமும் வேண்டாம். இப்பம் கெடக்கு பாருங்க, இதே மாதிரி கெடக்கட்டும். அத நான் எடுத்துட்டுப் போயிருதேன்."

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். புலி முகம் தெரிவதற்காகக் கம்பளியை இழுத்ததையும் சொன்னேன். அவள் நின்றபடியே கேட்டாள். நான் முடித்தபிறகு மெதுவாக, "அப்பம், ஒங்க பிள்ளையே இதுலதான் தூங்குதுன்னு அன்னைக்குச் சத்தியம் பண்ணினியளே?" என்றாள்.

"பொய்தாம்மா. எம் பிள்ள ஒருநாளும் அதுல தூங்கினதில்ல."

திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவளோ, பாயில் கிடந்த பிள்ளையைக் குனிந்து எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, என்னைவிட்டு இரண்டு எட்டுப் பின்னால் போய் நின்றாள்.